யானைக்கால் நோய்ப் புழுவின் மேற்பரப்புப் பிறபொருளெதிரியாக்கிகள்

யானைக்கால் நோய்ப் புழுவின் மேற்பரப்புப் பிறபொருளெதிரியாக்கிகள் என்பவை அப்புழுவின் மேலுறையில் அமைந்து, மனித உடலின் நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் புரதங்கள் முதலிய மூலக்கூறுகள் ஆகும். இவை வாழ்க்கைப் பருவத்திற்கேற்ப மாறுபடுவதால், ஒரு பருவத்திற்கு எதிராக உருவாகும் எதிர்ப்பு மற்றொரு பருவத்தைத் தாக்காமல் போகலாம். புதுச்சேரியில் இந்நோய்க்குக் காரணம் வுச்சரேரியா பாங்கிராஃப்டி என்னும் உருளைப்புழு; இதனைப் பரப்புவது கியூலெக்ஸ் குயின்குஃபேசியேட்டஸ் கொசு.

வாழ்க்கைப் பருவங்கள்

கொசு கடிக்கும்போது மூன்றாம் பருவக் குடம்பி தோலின் வழியே உடலினுள் நுழைகிறது. அது இருமுறை தோலுரித்து, நிணநீர் நாளங்களில் முதிர்புழுவாகிப் பல ஆண்டுகள் வாழ்கிறது. பெண்புழு ஈனும் மைக்ரோஃபைலேரியாக்கள் இரவில் புற இரத்தத்தில் மிகுதியாகக் காணப்படும். இவை கொசுவின் உடலில் இருமுறை தோலுரித்து மீண்டும் மூன்றாம் பருவத்தை அடைகின்றன.

மேற்பரப்பு மாற்றம்

தோலுரித்தலின்போது பழைய மேலுறை கழன்று, வேறு புரதங்களைக் கொண்ட புதிய மேலுறை வெளிப்படுகிறது. பிலிப், பார்க்கவுஸ், ஓகில்வி ஆகியோர் 1980இல் டிரைக்கினெல்லா ஸ்பைராலிஸ் என்னும் உருளைப்புழுவில் இம்மாற்றத்தைக் காட்டினர். யானைக்கால் நோயின் மற்றொரு காரணியான புரூகியா மலாயியின் முதிர்புழு மேலுறையில் குளூட்டாதயோன் பெராக்சிடேசு என்னும் நொதி மிகுந்துள்ளது. வெள்ளையணுக்களின் ஆக்சிசனேற்றத் தாக்குதலிலிருந்து இது புழுவைக் காப்பதாகக் கருதப்படுகிறது. மைக்ரோஃபைலேரியாவைத் தனியே ஓர் உறை சூழ்ந்துள்ளது.

நோய் எதிர்ப்பாற்றலில் விளைவு

இரத்தத்தில் மைக்ரோஃபைலேரியா உள்ளவர்களில் பலருக்கு வெளிப்படையான அறிகுறிகள் இருப்பதில்லை. இவர்களிடம் அதன் உறைக்கு எதிரான பிறபொருளெதிரிகள் பொதுவாகக் காணப்படுவதில்லை. எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் இன்டர்லியூக்கின்-10 மிகுந்திருக்கும். மாறாக, வெப்பமண்டல நுரையீரல் இயோசினோஃபில் மிகை நோயில் மைக்ரோஃபைலேரியாக்கள் கடுமையாகத் தாக்கி அழிக்கப்படுகின்றன. அத்தாக்குதலே நுரையீரலுக்குத் தீங்காகிறது.

நோய் கண்டறிதல்

ஒவ்வொரு சோதனையும் ஒரு பருவத்தையே காட்டுகிறது. இரவு இரத்தப்பூச்சு மைக்ரோஃபைலேரியாவையும், அட்டைச் சோதனை முதிர்புழு வெளியிடும் பிறபொருளெதிரியாக்கியையும் காட்டும். டைஎத்தில்கார்பமசின் மருந்தால் மைக்ரோஃபைலேரியா மறைந்த பின்னரும், முதிர்புழு எஞ்சியிருப்பின் அட்டைச் சோதனை நோயைக் காட்டக்கூடும். டபிள்யூபி123 என்னும் மூன்றாம் பருவப் புரதத்திற்கு எதிரான பிறபொருளெதிரி, குடம்பித் தொற்று நிகழ்ந்ததை அறிய உதவுகிறது.

புதுச்சேரியில் கட்டுப்பாடு

இந்நோய்க்கு மனிதருக்கான தடுப்பூசி இல்லை. ஆகவே மருந்தும் கொசு ஒழிப்புமே தடுப்பு வழிகளாக உள்ளன. ஜிப்மர் மருத்துவமனை அமைந்த கோரிமேட்டை அடுத்துள்ள இந்திரா நகரில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. 1975இல் நிறுவப்பட்ட இம்மையம், 1981 முதல் 1985 வரை புதுச்சேரி நகரில் ஒருங்கிணைந்த கொசுக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை நடத்தியது.