கண்டித் துவக்கும் கற்பிட்டிக் கோட்டையும்

புத்தளக் கரையைப் பற்றிப் பேசுவோர் உப்பையும் மீனையுமே முதலிற் கூறுவர். ஆயினும், மலைநாட்டுக் கண்டியரசு படைக்கலத்தால் தன்னைக் காத்துக்கொண்ட வரலாற்றிலும் இக்கரைக்கு ஓர் இடமுண்டு. மலையிற் செய்த துவக்கின் வலிமை கடற்றுறையையும் பொறுத்திருந்தது என்பதே அவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தபோது, இத்தீவில் ஒரு துவக்கேனும் இருந்ததில்லை என்று அவர்தம் வரலாற்றாசிரியர் தியோகோ தோ கூத்தோ எழுதினார். இடையறாத போரே சிங்களக் கொல்லர்க்குப் பள்ளிக்கூடமாயிற்று. பின்னர் அவர்கள் செய்த துவக்குகள் போர்த்துக்கேயருடையவற்றினும் சிறந்தன என்றும், அவை 20,000க்கு மேற்பட்டன என்றும் அவ்வாசிரியரே ஒப்புக்கொண்டார். எண்ணிக்கை மிகையாயினும், பகைவர் கூறிய புகழ்ச்சியாதலின் அது கருதத்தக்கதே.

அத்துவக்கின் அமைப்பு தனித்தன்மை வாய்ந்தது. பிறநாட்டுத் துவக்குகளிற் பெரும்பாலும் வலப்புறத்தில் அமையும் பொறி, இதில் இடப்புறத்தில் அமைந்தது. அடிக்கட்டை இரண்டாகப் பிளந்து சுருண்டிருக்கும். சிறந்தவற்றில் தந்தமும் வெள்ளியும் இழைக்கப்பட்டிருக்கும். முற்காலத்தில், புகைந்துகொண்டிருக்கும் திரியே பற்றுவாயிலுள்ள மருந்தைக் கொளுத்திற்று. பிற்காலத்தில், வில்விசை விடுபட்டதும் சக்கிமுக்கிக் கல் இரும்பில் மோதித் தீப்பொறி சிந்தும் பொறி வழக்கில் வந்தது. குழலின் உட்புறம் புரி வெட்டப்படாது வழுவழுப்பாயிருந்தமையால், குண்டு நெடுந்தூரம் குறிதவறாது செல்லுதல் அரிது. ஆயினும், காட்டிற் பதுங்கிக் கணவாயில் வரும் படையை அணித்தே நின்று தாக்குவோர்க்கு அக்குறை பெரிதன்று.

இரும்பு மலைநாட்டிலேயே உருக்கப்பட்டது. வெடியுப்பு, வௌவால்கள் உறையும் குகைகளின் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது. கரிக்குக் காட்டு மரம் உண்டு. ஐந்து பங்கு வெடியுப்புக்குக் கந்தகமும் கரியும் ஒவ்வொரு பங்கு சேர்த்து மருந்து அரைக்கப்பட்டதென, ஆங்கில மருத்துவர் யோன் தேவி 1821இல் வெளியிட்ட நூலிற் குறித்துள்ளார். இவற்றுள் கந்தகம் ஒன்றே இத்தீவிற் கிடைக்காதது. அது கடல் கடந்தே வரவேண்டும்.

கடல்வழி வரும் பொருள்களுக்குப் புத்தளம் கண்டியின் மேற்கு வாயில்களுள் ஒன்று. அங்குள்ள கடனீரேரிக்குள் நுழையும் தோணிகளைக் கண்காணிக்கத்தக்க இடத்தில் இருப்பது கற்பிட்டி. அங்கே ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரை கோட்டை கட்டினர். கண்டியரசிற் பல்லாண்டு சிறையிருந்து 1679இல் தப்பிய ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், மலைநாட்டார் உப்புக்கும் மீனுக்கும் புத்தளத்தை நாடியதையும், தோணிகள் வாராதபடி முனையில் ஒல்லாந்தர் கோட்டை வைத்திருந்ததையும் தம் நூலிற் கூறுகின்றார். மீன்தோணியை மறிக்கும் காவல் கந்தகத் தோணியையும் மறிக்குமன்றோ? கிழக்குத் துறைகளிலும் ஒல்லாந்தர் காவல் வைத்தனர்.

1765இல் ஒல்லாந்த ஆள்பதி வான் எக்கின் படை கண்டி நகரைக் கைப்பற்றிற்று. மன்னர் கீர்த்தி சிறீ இராசசிங்கன் நகரைவிட்டுப் பின்வாங்கினார். நோயும் உணவுக்குறையும் வருத்த, அப்படை அவ்வாண்டே வெளியேறிற்று. மலையைப் பிடித்தவர்களால் அதனை வைத்திருக்க இயலவில்லை. ஆனால், 1766ஆம் ஆண்டு உடன்படிக்கை கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தர்க்கு உரியதாக்கிற்று. புத்தளம், சிலாபம் உப்பளங்களில் உப்பெடுக்கும் உரிமை மலைநாட்டார்க்கு எஞ்சிற்று, துறை எஞ்சவில்லை. 1795இல் கற்பிட்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. கரையைத் தமதாக்கிக்கொண்ட அவர்களிடம் 1815இல் கண்டியும் வீழ்ந்தது.

1765ஆம் ஆண்டுக் கொள்ளையிற் சென்றவை என ஆராய்ச்சியாளர் கருதும் இரண்டு மகாதுவக்குகள், லெவ்கே திசாவையின் பெயர் பெற்ற அணிப் பீரங்கியுடன் 2023இல் நெதர்லாந்திலிருந்து இலங்கைக்கு மீண்டன. அவற்றைக் காண்போர் கொல்லரின் கைத்திறனை வியப்பர். அத்திறன் மட்டும் ஓர் அரசைக் காக்கப் போதாமற்போனது ஏன் என்பதை அறிய விரும்புவோர், கற்பிட்டிக் கோட்டையையும் காணுதல் வேண்டும்.