முறிவும் மறுமணமும் சுவீகாரமும்: தென் சென்னைக் குடும்பங்களின் சரித்திரத்தில் ஓர் ஆராய்ச்சி

1889-ஆம் ஆண்டின் இறுதியில் பம்பாயில் காங்கிரஸ் மகாசபை கூடிய நாட்களில், 'ஹிந்து', 'சுதேசமித்திரன்' ஆகிய இரு பத்திரிகைகளின் தோற்றத்துக்கும் முதற்காரணராயிருந்த ஜி. சுப்பிரமணிய ஐயர், பதின்மூன்று வயதிலேயே விதவையாகிவிட்ட தம் மகளுக்கு அங்கே புனர்விவாகம் செய்து வைத்தார். விதவா விவாகத்தை அனுமதிக்கும் சட்டம் 1856-லேயே பிறந்து 33 ஆண்டுகள் கடந்திருந்தும், சென்னையில் அத்தனை செல்வாக்குடன் விளங்கிய ஒருவர் தம் மகளின் கல்யாணத்தை வேற்றூரில் நடத்தினார் என்பதும், அதன் பின்னர் சுற்றத்தாரின் பகிஷ்காரத்தைச் சகித்தே வாழ நேர்ந்தது என்பதும், சட்டத்துக்கும் வீட்டுக்கும் இடையே அக்காலத்தில் எவ்வளவு தூரம் இருந்தது என்பதைக் காட்டுகின்றன. அந்தத் தூரம் எவ்வாறு குறைந்தது என்பதே இக்கட்டுரையின் விசாரணை. சட்டசபையைக் காட்டிலும், மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் எழுந்த பள்ளிகளும் இல்லங்களுமே அதைக் குறைப்பதில் பெரும் பங்கு கொண்டன என்பது நம் கருத்து.

இங்கே ஒன்றை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். விவாகரத்தும் மறுமணமும் மேல்நாட்டிலிருந்து வந்த புதுமைகள் என்று பலர் எண்ணுவது தவறு. உழைத்துப் பிழைக்கும் ஜாதிகள் பலவற்றில் ஊர்ப் பஞ்சாயத்தின் முன்னிலையில் தீர்த்துவிடுதலும், அறுத்துக் கட்டுதலும் தொன்றுதொட்டு வழக்கத்தில் இருந்தன. 1955-ஆம் ஆண்டின் இந்து விவாகச் சட்டமும் அவ்வழக்கங்களைத் தனி விதியொன்றால் காத்தது. கதவு அடைபட்டிருந்தது அக்கிரகாரங்களிலும், அவற்றைப் பின்பற்றி உயர்வு தேடிய குடும்பங்களிலுமே. மயிலாப்பூரில் வாழ்ந்த திவான் பகதூர் ஆர். ரகுநாத ராவ், விதவா விவாகம் சாஸ்திர சம்மதமானதே என்று சாஸ்திரங்களைக் கொண்டே வாதிட்டார். வங்கத்தில் ஈசுவர சந்திர வித்தியாசாகரர் எடுத்துக்காட்டிய பராசர ஸ்மிருதியின் விதி, கணவன் இறந்தபோது மட்டுமன்றி, அவன் காணாமற்போனபோதும், துறவு பூண்டபோதும், ஆண்மையற்றவனானபோதும், பதிதனானபோதும் மனைவிக்கு வேறு கணவனை அனுமதிக்கிறது. ஆனால் வாதத்தில் வெற்றி கிடைத்ததே தவிர வாழ்க்கையில் கிடைக்கவில்லை.

காரணம் 1856-ஆம் ஆண்டின் சட்டத்திலேயே அடங்கியிருந்தது. மறுமணம் செய்துகொள்ளும் விதவை முதற்கணவன் சொத்தில் தனக்கிருந்த உரிமையை இழப்பாள் என்றது அதன் இரண்டாம் பிரிவு. அவள் குழந்தைகளைக் காக்கும் பொறுப்பை இறந்தவனின் உறவினர் நீதிமன்றத்தின் மூலம் பெறலாம் என்றது மூன்றாம் பிரிவு. கணவன் வீட்டுச் சோற்றையும் தான் பெற்ற குழந்தைகளையும் ஒருங்கே விட்டுக்கொடுத்தாலன்றிப் புதுவாழ்வு இல்லை என்ற நிலையில், கையில் தொழில் எதுவும் இல்லாத ஒரு பெண் என்ன செய்ய முடியும்? சுவீகாரமோ இதற்கு நேர்மாறாக, செழிப்பான வழக்கமாக இருந்தது. எனினும் அது குழந்தைக்காக ஏற்பட்டதன்று. பிண்டம் போடவும், வம்சப் பெயர் விளங்கவும், சொத்து சிதறாமலிருக்கவும் ஒரு புத்திரன் தேவைப்பட்டான். 1868-இல் இராமநாதபுரம் ஜமீன் வழக்கில் பிரிவி கவுன்சில், கணவனின் அனுமதி இல்லாவிடினும் நெருங்கிய உறவினரான சபிண்டர்களின் சம்மதத்துடன் விதவை சுவீகாரம் செய்யலாமென்று திராவிட தேசத்துக்குரிய விதியை உறுதிப்படுத்தியது. மகளின் மகனையோ சகோதரியின் மகனையோ பிராமணர் தத்து எடுப்பது சாஸ்திர விரோதமென்று வடக்கே கருதப்பட்டிருக்க, அதை அனுமதித்த தென்னாட்டு வழக்கத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பெற்றவர் கொடுக்காமல் தத்து இல்லை என்பதால், பெற்றோரற்ற அநாதைக் குழந்தையைத் தத்து எடுக்கவே இயலாது. பெண் குழந்தைக்கும் இடமில்லை. தேவதாசிகள் பெண்ணைத் தத்து எடுப்பதைச் சென்னை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது ஒன்றே குறிப்பிடத்தக்க விலக்கு, அதுவும் அப்பெண்ணின் நன்மைக்காக என்று சொல்ல முடியாது.

இந்நிலையை மெய்யாக அசைத்தவர் 1886-இல் மயிலாப்பூரில் பிறந்த ஆர். எஸ். சுப்புலட்சுமி. தாமே பால்ய விதவையான அவர், தந்தையின் துணையால் படித்து, 1911-இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, சென்னை ராஜதானியில் பட்டம் பெற்ற முதல் ஹிந்து ஸ்திரீ என்ற பெருமையை அடைந்தார். அடுத்த ஆண்டு சாரதா மகளிர் சங்கம் தோன்றியது. எழும்பூரில் தம் இல்லத்திலேயே சேர்த்துக்கொண்ட சில சிறுமிகளிலிருந்து வளர்ந்த விதவைகள் விடுதி, பின்னர் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் எனப்பட்ட, இன்று விவேகானந்தர் இல்லமாகத் திகழும் கட்டடத்தில் இடம் பெற்றது. அவர் மறுமணப் பிரசாரத்தை முன்னிறுத்தவில்லை. படிப்பையும் ஆசிரியைத் தொழிலையும் முன்னிறுத்தினார். இதைச் சிலர் குறையாகக் கூறுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. வைதிகத் தந்தையர் தம் பெண்களை நம்பி அனுப்பியது அந்த நிதானத்தினால்தான். அனுப்பப்பட்ட பெண்கள் சம்பளம் வாங்கும் ஆசிரியைகளாகத் திரும்பினார்கள். தன் வயிற்றைத் தானே காப்பாற்றிக்கொள்ளும் பெண்ணுக்கு மறுமணம் செய்வதும் செய்யாதிருப்பதும் அவளுடைய தீர்மானமாகிவிடுகின்றன. அவர் தொடங்கிய சாரதா வித்தியாலயம் ராமகிருஷ்ண மிஷனின் பொறுப்பில் தியாகராய நகரில் இன்றும் நடைபெறுகிறது. பெயரால் மட்டுமே ஒத்த, 1929-ஆம் ஆண்டின் சாரதா சட்டம் குழந்தை விவாகத்தைத் தடுக்க முனைந்தபோது, பால்ய விதவைகள் தோன்றும் ஊற்றே அடைபடத் தொடங்கியது.

விவாகரத்து வேறு வழியில் வந்தது. 1929-இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு பெண்களின் சொத்துரிமையையும் விதவை மறுமணத்தையும் விவாகரத்து உரிமையையும் வெளிப்படையாகக் கோரியது. அதுவரை மணவாழ்வு கசந்தால் ஆணுக்கு இரண்டாந்தாரம் என்றொரு வழி இருந்தது. பெண்ணுக்குத் தாய்வீட்டின் பின்கட்டில் வாழாவெட்டி என்ற பெயருடன் ஒடுங்கிக் கிடப்பதே வழி. மத்திய சட்டம் வருவதற்கு ஆறு ஆண்டுகள் முன்னரே, 1949-இல், சென்னை மாகாணம் இருதார மணத்தைத் தடுத்து விவாகரத்தையும் அனுமதித்துத் தனிச்சட்டம் இயற்றியது; தமிழ் வாசகர்கள் மறந்துவிட்ட இப்பெருமையை நினைவூட்டுவது நம் கடமை. ஆயினும் 1955-ஆம் ஆண்டின் சட்டத்தில் கொடுமையும் கைவிடுதலும் நீதிமன்றப் பிரிவினைக்கு மட்டுமே காரணங்களாயின, விவாகரத்துக்கு அல்ல. அடிபட்ட மனைவி பிரிந்து வாழலாம், ஆனால் உடனே விடுதலை பெற முடியாது. 1976-இல்தான் அக்குறை நீங்கி, பரஸ்பர சம்மதத்தால் பிரியும் முறையும் ஏற்பட்டது. கிறிஸ்தவப் பெண்களோ 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் பாரபட்சத்தை 2001 வரை சுமந்தார்கள்.

சுவீகாரத்தின் நோக்கம் வம்சத்திலிருந்து குழந்தைக்குத் திரும்பிய வரலாறே நம்மை மிகவும் ஈர்க்கிறது. தேவதாசி முறையை எதிர்த்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அடைக்கலம் தேடிய பெண்களுக்காகத் தோற்றுவித்த ஔவை இல்லம் அடையாற்றில் நிலைபெற்றது. 1949-இல் எஸ். மஞ்சுபாஷிணி, காமராஜரின் ஆதரவுடன் பால மந்திரைத் தொடங்கினார். தியாகராய நகரின் ஜி. என். செட்டி சாலையில் அது அநாதைக் குழந்தைகளை வளர்த்து வந்தது. அது தொடங்கிய ஆண்டில் ஓர் அநாதைக் குழந்தையை எந்த ஹிந்துத் தம்பதியும் சட்டப்படி தத்து எடுக்க இயலாது என்பதை எண்ணிப் பாருங்கள். 1956-ஆம் ஆண்டின் இந்து சுவீகாரச் சட்டம், தத்து எடுக்கையில் செய்யும் தத்த ஹோமத்தை அவசியமற்றதாக்கி, பெண் குழந்தையைத் தத்து எடுக்கவும், தனித்து வாழும் ஸ்திரீ தாயாகவும் வழிசெய்து, பெற்றோரை இழந்த குழந்தையை நீதிமன்ற அனுமதியுடன் காப்பாளர் தத்துக் கொடுக்கலாம் என்றது. தாய் தந்தை யாரென்றே தெரியாத குழந்தைக்கும், கைவிடப்பட்ட குழந்தைக்கும் அவ்வுரிமை 1962-ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் கிட்டியது. வெளிநாட்டினர்க்குக் குழந்தைகளைக் கொடுப்பதை 1984-இல் உச்ச நீதிமன்றம் நெறிப்படுத்தியது. இன்று எம்மதத்தவரும் சிறார் நீதிச் சட்டத்தின்கீழ் தத்து எடுக்கலாம். 2022 செப்டம்பர் முதல் அதற்குரிய ஆணையை மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார்.

இவ்வளவு மாறியபின்னும் ஒரு குழந்தை சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படாமலே நிற்கிறது. விவாகரத்தான தாயோ தந்தையோ மறுமணம் செய்யும்போது உடன் வரும் குழந்தையே அது. அடையாற்றின் அடுக்குமாடி வீட்டில் ஒரே மேசையில் உண்டு, ஒரே பள்ளிக்குச் சென்றாலும், உயில் எழுதாமல் மாற்றாந்தந்தை இறந்தால், அவருடைய மகன் என்ற வாரிசுரிமை அக்குழந்தைக்கு இல்லை. மாற்றாந்தாயின் சொத்திலும் கணவனின் மகன் அவளுடைய மகனாகக் கருதப்படமாட்டான் என்று 1987-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் தத்தெடுப்பு விதிமுறைகளும், அவற்றுக்குப் பதிலாக 2022-இல் வந்தவையும், குழந்தையைப் பெற்ற மற்றவரின் சம்மதத்துடன் மாற்றுப் பெற்றோர் தத்து எடுக்க வழி வகுத்துள்ளன. ஆதலால் குழந்தையுடன் மறுமணத்துக்கு முற்படும் ஒவ்வொருவரும், முகூர்த்தம் குறிக்கும்போதே தத்துக்குரிய மனுவையோ, அது இயலாவிடில் பதிவு செய்த உயிலையோ எழுதிவைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.