தோளுக்குப் பின்னே ஒரு நூல்

2020இல் பெருந்தொற்று அமெரிக்கத் தொலைக்காட்சி விமர்சகர்களை வீட்டில் அடைத்தபோது, நேயர்கள் பேச்சைவிட, பேசுவோருக்குப் பின்னிருந்த புத்தக அலமாரியையே கூர்ந்து நோக்கலாயினர்.

வீடு திரையில் தோன்றுவது புதிதன்று. 1953இல் சி.பி.எஸ். தொடங்கிய ‘பெர்சன் டு பெர்சன்’ நிகழ்ச்சியில், எட்வர்ட் மரோ நியூயார்க் அரங்கில் அமர்ந்தவாறே பிரபலங்களை அவர்தம் இல்லங்களில் நேரலையாகப் பேட்டி கண்டார். விருந்தாளிக்குக் காட்டுவதுபோல வீட்டாரே அறைகளைச் சுற்றிக் காட்டினர். 2020இல் எவரும் எதையும் சுற்றிக் காட்டவில்லை; நேயர்கள் தாமாகவே நூல்களின் முதுகைப் படித்தனர்.

அவ்வாறு அடிக்கடி கண்ணில் பட்ட நூல், ராபர்ட் காரோ 1974இல் வெளியிட்ட ‘தி பவர் புரோக்கர்’. தேர்தலில் வென்று ஒரு பதவிக்கும் வராமலே நியூயார்க்கின் சாலைகளையும் பாலங்களையும் பூங்காக்களையும் பல பத்தாண்டுகள் தீர்மானித்த ராபர்ட் மோசஸின் வரலாறு. 1,200 பக்கங்களுக்கு மேல்.

வெறும் பகட்டு எனச் சிலர் நகைத்தனர். எனக்கு முழுவதும் அப்படித் தோன்றவில்லை. அமெரிக்காவில் அந்நூலின் மின்பதிப்பு 2024இல்தான் வெளிவந்தது. அதுவரை, படித்தவரும் படிக்காதவரும் செங்கல் போன்ற அதே அச்சுப்பிரதியைத்தான் வைத்திருந்தாக வேண்டும். முதுகில் மடிப்பு விழுந்திருக்கிறதா என்று பார்த்து ஓரளவு ஊகிக்கலாம்; மங்கலான திரையில் அதுவும் தெரியாது. என் அலமாரியிலும் அத்தகைய தடித்த நூல்கள் சில, பாதியில் செருகிய அடையாளத் தாளுடன் நிற்கின்றன.