நிரல் நூலகப் பெயர்ப்பில் இழை ஆதரவு

நிரல் நூலகப் பெயர்ப்பில் இழை ஆதரவு என்பது, ஒரு பணித்தளத்துக்காக எழுதப்பட்ட நிரல் நூலகத்தை வேறொரு பணித்தளத்துக்கு மாற்றும்போது, அதன் இழைகள் தொடர்பான பகுதிகள் அங்கும் பிழையின்றி இயங்குமாறு செய்யும் பணியாகும். பணித்தளம் என்னும் சொல் இங்கு செயலி, இயங்குதளம், அடிப்படை சி நூலகம் ஆகிய மூன்றையும் சேர்த்துக் குறிக்கும். சென்னை இந்திய தொழில்நுட்பக் கழகத்தில் உருவான சக்தி செயலிக் குடும்பம், இப்பணியை விளக்க ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

இழைகள்

ஒரே நிரலுக்குள், ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டு ஒருங்கே நடைபெறும் செயலோட்டங்கள் இழைகள் எனப்படும். இவை ஆங்கிலத்தில் திரெட் என அழைக்கப்படுகின்றன. இரண்டு இழைகள் ஒரே தரவை ஒரே வேளையில் மாற்றிவிடாமல் காக்கும் அமைப்பு பூட்டு அல்லது மியூடெக்ஸ் ஆகும்.

யுனிக்சு வகை இயங்குதளங்களுக்கான இழை இடைமுகம் 1995 இல் போசிக்ஸ் சீர்தரத்தில் சேர்க்கப்பட்டது. விண்டோசு தனக்கெனத் தனி இடைமுகத்தைக் கொண்டுள்ளது. 2011 இல் வெளியான சீர்தரங்கள் வழியாகச் சி, சி++ மொழிகளிலேயே இழைகள் இடம்பெற்றன. எனினும் சி மொழியில் இது கட்டாயமற்ற பகுதியாகும்.

இயங்குதள வேறுபாடுகள்

ஒரே சீர்தரத்தைப் பின்பற்றும் தளங்களும் ஒன்றுபோல் நடப்பதில்லை. போசிக்சில் உள்ள பெயரில்லாச் செமாஃபோர்களை மேக் இயங்குதளம் செயற்படுத்துவதில்லை. லினக்சில் குனூ சி நூலகத்தைப் பயன்படுத்தும் நிரலின் இழைக்குப் பொதுவாக 8 மெகாபைட் அடுக்கு நினைவகம் கிடைக்கும். மசல் எனப்படும் சிறிய சி நூலகத்தில் அதன் இயல்பளவு 128 கிலோபைட் மட்டுமே. ஆதலால் முதலாவதில் நன்கு இயங்கிய நூலகம் இரண்டாவதில் திடீரென நின்றுவிடக்கூடும்.

செயலி வேறுபாடுகள்

ஓர் இழை முதலில் தரவை எழுதி, அடுத்து 'ஆயத்தம்' என்னும் குறியை எழுதுவதாகக் கொள்க. மற்றோர் இழை அக்குறியைக் கண்டபின் தரவைப் படிக்கிறது. எக்ஸ்86 செயலிகளில் இவ்விரு எழுத்துகளும் எழுதிய வரிசையிலேயே பிற கருக்களுக்குப் புலப்படும். ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் ஆகிய கட்டமைப்புகள் வரிசை மாற்றத்தை அனுமதிக்கின்றன. அங்கு குறி முன்னரே தெரிய, பழைய தரவு படிக்கப்படலாம். நிரல் பிழைச்செய்தி எதுவும் தராமல் தவறான விடையைத் தரும் என்பதே இதன் பேராபத்தாகும். பூட்டுகளையோ மொழியின் அட்டாமிக் செயல்களையோ முறையாகப் பயன்படுத்துவதே இதற்குத் தீர்வாகும்.

சக்தி செயலிகள்

சக்தி திட்டம் 2014 இல் தொடங்கப்பட்டது. இதன் செயலிகள் திறந்த கட்டளைத் தொகுதியான ரிஸ்க்-ஃபைவை அடிப்படையாகக் கொண்டவை. 2018 இல் சக்தி சில்லு ஒன்றில் லினக்சு இயக்கப்பட்டது.

இக்குடும்பத்தின் சி வகுப்புச் செயலி லினக்சை இயக்கவல்லது. எனவே அங்கு போசிக்ஸ் இழைகள் கிடைக்கின்றன. சிறு கருவிகளுக்கான ஈ வகுப்பு, ஃப்ரீஆர்டாஸ் போன்ற நிகழ்நேர இயங்குதளங்களுக்கு உரியது. ஃப்ரீஆர்டாசில் இழைகளுக்கு ஈடாக டாஸ்க் எனப்படும் பணிகள் உள்ளன. ஒவ்வொரு பணிக்கும் வேண்டிய அடுக்கின் அளவை நிரலரே குறிப்பிடுதல் வேண்டும்.

சி வகுப்பு கட்டளைகளை வரிசைப்படியும், ஐ வகுப்பு வரிசை மாற்றியும் நிறைவேற்றும் வடிவமைப்புகளாகும். முன்னதில் தோன்றாத வரிசைப் பிழை பின்னதில் தோன்றக்கூடும். ஆகவே கையிலுள்ள சில்லின் நடத்தையை அன்றி, கட்டமைப்பின் வரையறையையே நிரலர் நம்புதல் வேண்டும்.

நிரல்மொழிமாற்றியும் கருத்தில் கொள்ளத்தக்கது. 2023 இல் வெளியான 13 ஆம் பதிப்புக்கு முன்னர், குனூ நிரல்மொழிமாற்றி ரிஸ்க்-ஃபைவுக்கு ஒரு பைட், இரண்டு பைட் அளவிலான அட்டாமிக் செயல்களை லிப்அட்டாமிக் என்னும் துணை நூலகத்திடம் விட்டது. அதனை இணைக்காத நூலகங்கள் இணைப்பு நிலையிலேயே தோல்வியுற்றன.

வழிமுறைகள்

இழை உருவாக்கம், பூட்டு, காத்திருப்பு ஆகியவற்றை மெல்லிய இடையடுக்கு ஒன்றில் ஒதுக்கி வைப்பது பொதுவான வழக்கமாகும். அவ்வாறு செய்தால் புதிய தளத்துக்கு அவ்வடுக்கை மட்டும் எழுதினால் பெரும்பாலும் போதும். எஸ்கியூலைட் தரவுத்தள நூலகம், பயன்படுத்துவோர் தம் சொந்தப் பூட்டு முறையைப் பொருத்த இடமளிக்கிறது. இழை ஆதரவே இல்லாமலும் அதனைக் கட்டமைக்கலாம். ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் பூட்டுச் செயற்கூறுகளைப் பயன்பாட்டு நிரலே வழங்க வேண்டியிருந்தது. 2016 இல் வெளியான 1.1.0 பதிப்பு முதல் நூலகமே தளத்தின் பூட்டுகளைப் பயன்படுத்துகிறது.

இழை ஆதரவை நீக்கிக் கட்டமைத்த நூலகத்தைப் பல இழைகள் ஒருங்கே அழைத்தால் தரவு சிதையும். எனவே அந்நிலையை ஆவணத்தில் தெளிவாகக் குறிப்பிடுதல் இன்றியமையாதது.

சோதனை

நூலகம் புதிய தளத்தில் பிழையின்றித் தொகுக்கப்படுவது, அதன் இழைகள் சரியாக இயங்கும் என்பதற்குச் சான்றாகாது. இழைப் பிழைகள் பல ஓட்டங்களில் ஒருமுறை மட்டுமே வெளிப்படலாம். திரெட்சானிட்டைசர் என்னும் கருவி, பூட்டின்றி ஒரே தரவை அணுகும் இழைகளை ஓட்டத்தின்போதே கண்டறிய உதவுகிறது. இச்சோதனையைப் பழைய தளத்திலேயே செய்துவிட்டு, பின்னர் நூலகத்தைப் பெயர்ப்பது நன்று.