மலையகப் பாட்டும் அதை வைக்கும் பெட்டியும்

இசையை எதில் சேமித்து வைக்கிறோம் என்பது, வீட்டில் அது ஒலிக்கும் விதத்தை மாற்றுமா? வெளிநாடுகளில் வாழும் மலையக நண்பர்கள் சிலர் அண்மைக் காலமாக இந்தக் கேள்வியை என்னிடம் எழுப்பி வருகின்றனர். ஊரிலிருந்து கொண்டுசென்ற பழைய கசெட்டுகளைக் கணினியில் ஏற்றி வைத்திருப்பவர்கள் அவர்கள். சுழலும் வன்தட்டை விடச் சுழலாத எஸ்எஸ்டியில் பாட்டு இனிமையாக ஒலிக்கும், அதிலும் விலை கூடியதில் மேலும் இனிமையாக ஒலிக்கும் என்ற பேச்சை நம்பிப் பணம் செலவிடலாமா என்பது அவர்களது ஐயம். நான் பொறியியலாளன் அல்லன். எனினும், நுவரெலியா, அட்டன் பகுதிகளின் பாட்டு எவ்வாறு காக்கப்பட்டது என்ற வரலாற்றைப் பார்த்தாலே இதற்கு விடை கிடைக்கும் என்று கருதுகிறேன்.

தோட்டங்களில் பாட்டின் முதற் சேமிப்பகம் மனித நினைவே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாகத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் தாலாட்டையும் ஒப்பாரியையும் காமன் கூத்தையும் பொன்னர் சங்கர் கதையையும் நெஞ்சில் சுமந்து வந்தனர். தப்பு என்ற தோற்கருவி அவர்களோடு வந்தது. அதிகாலையில் தொழிலாளரைப் பெரட்டுக்கு அழைத்ததும் அதுவே; கூத்துக்கும் சாவுக்கும் முழங்கியதும் அதுவே. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்ற சி.வி. வேலுப்பிள்ளை, இப்பாடல்களைத் தேடித் தொகுத்த முன்னோடி. அவரது தொகுப்பு இல்லையேல் பல பாடல்களின் சொற்களே நமக்குக் கிடைத்திரா. ஆனால் அச்சு சொல்லைக் காக்கும். பாடியவரின் குரலைக் காக்காது.

குரலைக் காக்கும் கருவிகள் தோட்ட மக்களின் கைக்கு எட்டப் பல்லாண்டுகள் ஆயின. இலங்கையில் வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பரில் தொடங்கியது. மின்சாரம் எட்டாத லயங்களிலும் பற்றரியில் இயங்கும் டிரான்சிஸ்டர் வழியாக இலங்கை வானொலி பின்னாளில் நுழைந்தது. இசைத்தட்டும் வானொலியும் வெளியுலகக் குரல்களை லயத்துக்குக் கொண்டுவந்தன. லயத்தின் குரலைப் பதிந்து வைக்கும் வழியை அவை தொழிலாளிக்குத் தரவில்லை. அந்த வழியைத் தந்தது, பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகம் செய்த கசெட். பதிவு வசதியுள்ள ஒரு கருவி இருந்தால் போதும். பாட்டியின் தாலாட்டையும் தம் தோட்டத்துக் காமன் கூத்தையும் தாமே பதிந்துகொள்ளலாம் என்ற நிலை அதன் பின்னரே வந்தது.

அந்தக் காலத்தில் என் நண்பர்களின் கேள்விக்கு விடை ‘ஆம்’ என்பதே. இசைத்தட்டின் பள்ளத்தை ஊசி ஒவ்வொரு முறையும் சிறிது தேய்த்தது. வினாடிக்கு 4.76 சென்டிமீற்றர் வேகத்தில் ஓடும் கசெட் நாடாவில், ஒலி காந்த வடிவில் நேரடியாகப் பதிந்திருந்தது. நாடா இழுபட்டால் சுருதி பிசகும். பிரதிக்குப் பிரதி எடுத்தால் இரைச்சல் பெருகும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் மூடுபனியும் ஈரமும் சூழ்ந்த நுவரெலியாவில், நாடாவில் பூஞ்சணமும் படரும். எந்தப் பொருளில் வைத்தோமோ, அந்தப் பொருளின் நோய்கள் எல்லாம் பாட்டுக்கும் வந்தன.

1982இல் விற்பனைக்கு வந்த இறுவட்டு இந்த உறவை முறித்தது. அதில் இருப்பது ஒலியின் வடிவம் அன்று, எண்கள். வினாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாக எழுதுகிறார்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் ‘18 கிலோ’ என்று பென்சிலால் எழுதினாலும் பேனாவால் எழுதினாலும் சம்பளக் கணக்கு ஒன்றுதானே? இதுவும் அப்படியே. எழுத்து சிறிது அழிந்தாலும் எண்ணை மீட்டெடுக்க, ரீட், சொலமன் என்ற இரு கணித அறிஞர்கள் 1960இல் வெளியிட்ட முறை உதவுகிறது. கணினி அந்த எண்களை முதலில் தன் நினைவகத்தில் எடுத்துக்கொண்டு, பின்னர் தன் கடிகாரச் சீரில் ஒலியாக மாற்றும் பகுதிக்கு அனுப்புகிறது. அவை வன்தட்டிலிருந்து வந்தனவா, பென்டிரைவிலிருந்து வந்தனவா என்பது அந்தப் பகுதிக்குத் தெரியாது.

விலக்குகள் சில உண்டு. சுழலும் வன்தட்டின் இரைச்சல் அமைதியான அறையில் கேட்கலாம். மோசமாக வடிவமைத்த கருவியில் மின் இரைச்சல் ஒலிபெருக்கிக்குள் கசியலாம். கீறல் விழுந்த இறுவட்டில் திருத்த முடியாத பிழை வந்தால் கருவி ஊகித்து நிரப்பும். அதுவும் முடியாதபோது சொடுக்கொலியோ வெற்றிடமோ கேட்கும். இனிமை கூடுவதும் குறைவதும் இப்படி நிகழ்வதில்லை. ஐயமிருந்தால், எந்தத் தட்டு ஒலிக்கிறது என்பது தெரியாமல் இன்னொருவரை மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்யுங்கள். 16 முறையில் 12 முறையாவது சரியாகச் சொல்ல முடிந்தால் மேற்கொண்டு பேசலாம்.

ஆயினும், காதுக்குத் தெரியும் ஒரு தேர்வு உண்டு. அது பெட்டியைப் பற்றியதன்று. கோப்பின் வடிவத்தைப் பற்றியது. ஒரு மணி நேர ஒலியை இறுவட்டின் தரத்தில் வைக்க 635 மெகாபைட் தேவை. ஜெர்மனியின் பிரவுன்ஹோபர் நிறுவன ஆய்வாளர்கள் பெரும்பங்காற்றி உருவாக்கிய எம்பி3 முறையில், 64 கிலோபிட் வேகத்தில் அதே ஒலி 29 மெகாபைட்டில் அடங்கிவிடும். 128 மெகாபைட் பென்டிரைவே பெரிதாக இருந்த காலத்தில் இது வரமாகத் தோன்றியது. காது கவனிக்காது என்று கணிக்கும் பகுதிகளை எறிந்துவிட்டுத்தான் எம்பி3 இந்தச் சுருக்கத்தை அடைகிறது. எறிந்தது திரும்பாது, அந்தக் கோப்பை மீண்டும் சுருக்கினால் இன்னும் கொஞ்சம் போகும். சட்டென்று வெடித்தெழும் ஓசைகளே இம்முறைக்குக் கடினமானவை. அடி விழுவதற்கு ஒரு கணம் முன்னரே மங்கிய இரைச்சல் பரவிவிடும். ஐரோப்பியப் பொறியியலாளர்கள் இதைச் சோதிக்கக் காஸ்டனெட் என்ற கைத்தாளக் கட்டையின் ஒலியைப் பயன்படுத்தினர். நமக்கோ தப்பே போதும். மிகையாகச் சுருக்கிய காமன் கூத்துப் பதிவில் தப்பின் கூர்மை மழுங்குவதை எவரும் கேட்கலாம். 2001இல் வந்த பிளாக் முறை எதையும் எறியாமல் கோப்பை ஏறக்குறையப் பாதியாகச் சுருக்குகிறது. இன்று ஒரு டெராபைட் தட்டில், சுருக்காமலேயே 1,500 மணி நேரத்துக்கு மேல் வைக்கலாம். இன்னும் எம்பி3க்குள் ஒடுங்கிக் கிடக்க வேண்டிய தேவை இல்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து, ஒரே பிரதியை நம்பியிருப்பது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் சாம்பலாயின. 1964 உடன்படிக்கையின் கீழ் தமிழகத்துக்கு அனுப்பப்பட்டவர்களோடு பாடகர்களும் சிதறினர். எண்களுக்கும் சாவு உண்டு: வன்தட்டு திடீரென நிற்கும், மின்னூட்டமின்றி ஆண்டுக்கணக்கில் கிடந்த எஸ்எஸ்டி நினைவை இழக்கலாம், இறுவட்டைத் தின்னும் பூஞ்சணத்தை பெலீசில் கண்டதாக 2001இல் செய்தி வந்தது.

ஆகவே நண்பர்களுக்கு நான் கூறுவது இது. விலையுயர்ந்த பெட்டிக்கு ஒதுக்கிய பணத்தில் சாதாரணத் தட்டுகள் இரண்டு வாங்குங்கள். நாடாவைத் தொடும் தலையைத் துடைத்து, அதன் சாய்வைச் சரிசெய்யத் தெரிந்த ஒருவரைக் கொண்டு கசெட்டுகளைப் பதியுங்கள். அந்த வேறுபாடு உண்மையிலேயே காதுக்குக் கேட்கும். பாடியவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று எழுதி வையுங்கள். மூன்று பிரதிகளில் ஒன்று வேறோர் ஊரில் இருக்கட்டும். 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் போன்ற பொது முயற்சிகளுக்கும் ஒரு பிரதி கொடுங்கள். பதிந்து முடித்த பின்னும் கசெட்டை எறிந்துவிடாதீர்கள். அதில் பாடியவர்களுள் பலர் இன்று இல்லை; அவர்களை மீண்டும் பாடவைத்துப் பதிவுசெய்ய யாராலும் முடியாது.