வருத்தத்திற்கும் ஓர் அளவு உண்டு

ஹிஜ்ரி 243இல் (கி.பி. 857) மறைந்த ஹாரிஸ் இப்னு அஸத் (ரஹ்) அவர்களை வரலாறு ‘முஹாஸிபீ’ என்றே அறிகிறது. தம் உள்ளத்திடம் கணக்குக் கேட்பவர் என்பது அதன் பொருள். பஸ்ராவில் பிறந்து பக்தாதில் வாழ்ந்த அப்பெருந்தகையின் நூல்களால் பயன்பெற்றவர்களுள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் ஒருவர். தவறிழைத்த மனிதன் எவ்வளவு வருந்த வேண்டும், அந்த வருத்தம் அவனை எங்கே கொண்டு சேர்க்க வேண்டும் என்பன நம் முன்னோர் ஆழ்ந்து ஆராய்ந்த கேள்விகளாகும்.

நாற்பது பகுதிகள் கொண்ட ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் 31ஆம் பகுதி தவ்பாவைப் பற்றியது. 38ஆம் பகுதி சுயகணக்கைப் பற்றியது. தவ்பாவை இமாமவர்கள் மூன்று படிகளாகப் பிரிக்கிறார்கள். தவறு இன்னதென அறிதல் முதற்படி. அதனால் உள்ளம் நோதல் இரண்டாம் படி. விட்டு விலகி, இழந்ததை ஈடுசெய்தல் மூன்றாம் படி. வருத்தம் நடுப்படியே. அங்கேயே நின்றுவிடுபவரின் தவ்பா நிறைவு பெறுவதில்லை. சுயகணக்கை விளக்கும்போது, கூட்டாளியிடம் வரவுசெலவு பார்க்கும் வணிகரை அவர்கள் உவமை காட்டுகிறார்கள். வணிகர் நட்டத்தை எண்ணிப் பார்ப்பது கடையை மூடுவதற்காக அன்று. மறுநாள் வணிகத்தைச் சீர்செய்வதற்காகவே.

இதற்கு நபித்தோழர்களின் வாழ்விலேயே தெளிவான சான்று உண்டு. ஹிஜ்ரி 9இல் தபூக் படையெடுப்பின்போது கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் வசதியோடு இருந்தும், நாளை புறப்படலாம் என்று தள்ளிப்போட்டுப் பின்தங்கிவிட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் மதீனா திரும்பியதும் எண்பதுக்கும் மேற்பட்டோர் சத்தியமிட்டுச் சாக்குக் கூறினர். கஅப் (ரலி) அவர்களோ தமக்கு எந்தக் காரணமும் இல்லை என்ற உண்மையைச் சொன்னார்கள். அவர்களோடும், ஹிலால், முராரா (ரலி) ஆகிய இருவரோடும் எவரும் பேசலாகாது என ஆணை பிறந்தது.

மற்ற இருவரும் வீட்டிலேயே இருந்து அழுதனர். இளையவரான கஅப் (ரலி) தொழுகைக்கும் கடைவீதிக்கும் சென்றுவந்தார்கள். ஸலாம் சொல்லிப் பதில் வருமா எனக் காத்திருந்தார்கள். கஸ்ஸான் மன்னர் ஆதரவு தருவதாக அழைத்தெழுதிய மடலை அடுப்பிலிட்டார்கள். ஐம்பதாம் நாள் விடியலில் மன்னிப்பின் நற்செய்தி வந்தது. பள்ளிவாசலில் தல்ஹா (ரலி) எழுந்தோடி வந்து கைகொடுத்து வாழ்த்தினார்கள். தம் செல்வம் முழுவதையும் தர்மம் செய்ய கஅப் (ரலி) முன்வந்தபோது, அதில் சிறிதை வைத்துக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். பரிகாரத்திற்குக்கூட ஓர் எல்லை வகுக்கப்பட்டது.

இந்த வேறுபாட்டை இன்றைய உளவியலும் அளந்து பார்க்கிறது. 2011இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் அளவுகோல், அன்றாடத் தவறுகள் பற்றிய 16 சூழ்நிலைகளைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பிடச் சொல்கிறது. ‘நான் செய்தது தவறு’ என்று நொந்து சரிசெய்ய முனைவது குற்றவுணர்வு என்றும், ‘நானே கெட்டவன்’ என்று சுருங்கி ஒளிந்துகொள்வது வெட்கம் என்றும் அது தனித்தனியே கணக்கிடுகிறது. நாணம் (ஹயா) ஈமானின் ஒரு கிளையாகும். அது தவறு நிகழுமுன் தடுக்கும் காவல். தவறுக்குப் பின் தொழுகை விரிப்பிலிருந்தே மனிதனை விரட்டும் வெட்கம் அதனின்று வேறானது.

நம் இல்லங்களில் இவ்வேறுபாட்டை மறந்துவிடுகிறோம். பொய் சொன்ன பிள்ளையை உறவினர் முன்னிலையில் ‘பொய்யன்’ என்கிறோம். அப்பிள்ளை கற்றுக்கொள்வது உண்மையை அன்று. அடுத்த முறை நன்றாக மறைப்பதையே. தவறைப் பெயர்சொல்லிக் கண்டிப்போம். ஈடுசெய்யும் வழியைக் காட்டுவோம். உண்மையை ஒப்புக்கொண்டு வரும் பிள்ளையை, தல்ஹா (ரலி) அவர்களைப் போல் எழுந்து சென்று வரவேற்போம்.

தன் பக்கம் மீள்வோரை நேசிக்கும் அல்லாஹ், நம்மையும் நம் மக்களையும் மீள்வோரின் கூட்டத்தில் சேர்ப்பானாக! ஆமீன்.