ஏணியும் செயலியும்

தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கடந்த இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் எத்தனையோ திட்டங்கள் வந்துவிட்டன. பெரும்பாலானவை பிள்ளையைப் பள்ளி வாசல் வரை கொண்டுவந்து சேர்த்தன. உள்ளே வந்த பிள்ளை எங்கே உட்கார வேண்டும், எதைக் கையில் எடுக்க வேண்டும் என்பதையே மாற்றியவை இரண்டு: செயல்வழிக் கற்றலும் எண்ணும் எழுத்தும்.

இரண்டும் தீர்க்க முனைந்த சிக்கல் ஒன்றுதான். ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளையும் இரண்டு பேர் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரே அறையில் மூன்று வகுப்புப் பிள்ளைகள். அவர்களில் எழுத்துக்கூட்டத் தெரியாதவரும் உண்டு, பத்தியைத் தடையின்றிப் படிப்பவரும் உண்டு. கரும்பலகையில் ஒரே பாடத்தை எழுதினால் பாதிப் பேருக்கு அது எட்டாது, மீதிப் பேருக்கு அலுத்துப்போகும்.

செயல்வழிக் கற்றல் 2003 இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கியது. மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் அதற்கு முன்னின்றார். ஆந்திரத்தின் ரிஷிவேலியில் சிற்றூர்ப் பள்ளிகளுக்காக உருவாக்கிய முறைதான் அதற்கு மூலம். பாடம் சிறு சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டது. அட்டைகளின் வரிசை ஒரு கற்றல் ஏணியாகச் சுவரில் தொங்கியது. பிள்ளை ஏணியைப் பார்க்கும். தான் நிற்கும் படியில் உள்ள படச் சின்னத்தைத் தேடும். அதே சின்னம் போட்ட அட்டையைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு தன் குழுவுக்குப் போய்ப் பாயில் உட்காரும். ஆசிரியர் முழுதும் உதவும் குழு, ஓரளவு உதவும் குழு, சக மாணவர் உதவும் குழு, தானாகக் கற்கும் குழு என்று பிரிவுகள் இருந்தன. சுவரின் அடியில், பிள்ளையின் கை எட்டும் உயரத்தில், ஆளுக்கொரு கட்டமாகக் கரும்பலகை. ஆசிரியரும் தரையில்தான் உட்கார்ந்தார்.

இதன் அருமை பள்ளிக்கு வராத பிள்ளையிடம்தான் தெரிந்தது. செங்கல் சூளைக்குப் பெற்றோருடன் போய்விட்டு ஒரு மாதம் கழித்து வரும் பிள்ளை, விட்ட அட்டையிலிருந்தே தொடரலாம். "நீ இல்லாதப்போ இதெல்லாம் முடிச்சாச்சு" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளையின் வாழ்க்கையைக் கணக்கில் கொண்டு அமைந்த முறை என்று நான் இதைத்தான் சொல்வேன்.

பிறகு 2007-08 இல் அது மாநிலம் முழுவதற்கும் ஆணையாகப் போனது. 13 பள்ளிகளில் பார்த்துப் பார்த்துச் செய்ததை முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் ஒரே வீச்சில் செய்ய வேண்டியிருந்தது. அட்டை கிழிந்தது, தொலைந்தது. நடுவில் ஓர் அட்டை இல்லையென்றால் ஏணியில் ஒரு படி இல்லை. பாடநூல் பையிலேயே கிடப்பதைப் பார்த்த பெற்றோர், தரையில் அட்டை விளையாட்டு நடக்கிறது என்று நினைத்தார்கள். பக்கத்துத் தனியார் பள்ளியில் பெஞ்சும் வீட்டுப்பாடமும் இருந்தன. 2012-13 இல் முப்பருவ முறை, 2018 முதல் புதிய பாடநூல்கள் என ஒவ்வொன்றாக வர, அட்டைகள் அலமாரிக்குள் போயின. இந்த முறை வேண்டாம் என்று யாரும் ஆராய்ந்து முடிவெடுத்ததாகத் தெரியவில்லை. அடுத்தது வந்தது, முந்தையது ஒதுங்கியது.

எண்ணும் எழுத்தும் கொரோனாவின் பிள்ளை. 2020 மார்ச்சில் மூடிய தொடக்க வகுப்புகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. இரண்டாம் வகுப்புக்கு வந்த பிள்ளை முதல் வகுப்பு அறையையே பார்த்திருக்கவில்லை. 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குத் திட்டம் தொடங்கியது. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைக்கும் எழுத்தும் எண்ணும் 2025க்குள் வந்துவிட வேண்டும் என்பது இலக்காக இருந்தது. தொடக்க மதிப்பீட்டை வைத்துப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். ஒவ்வொரு நிலைக்கும் பயிற்சி நூலில் தனிப் பக்கங்கள், ஆசிரியருக்குக் கையேடு, பருவந்தோறும் பயிற்சி.

நடைமுறைக்கு இதுவே எளிது. நூல் பிள்ளையின் கையில் இருப்பதால் தொலைவது குறைவு. வீட்டிலும் எடுத்துக் காட்டலாம். ஆசிரியர் மறுபடி நின்று கதை சொல்கிறார், பாடுகிறார். செயல்வழிக் கற்றலில் அட்டைக்குப் பின்னால் ஒதுங்கிப்போன ஆசிரியரின் குரல் இதில் திரும்பியிருக்கிறது. ஆனால் பாடம் வாரக் கணக்கில் நகர்கிறது. சூளையிலிருந்து திரும்பும் பிள்ளை தன் நிலையின் பக்கத்தைச் செய்யலாம்தான்; ஆனாலும் வகுப்பு இருக்கும் பாடத்தில்தான் வந்து சேர வேண்டும்.

எனக்கு முக்கியமாகப் படும் வேறுபாடு இன்னொன்று. பிள்ளை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்ற செய்தி முன்பு சுவரில் இருந்தது. பிள்ளையே அதைப் படித்தது, பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிட்டது. இப்போது அது ஆசிரியரின் கைப்பேசிச் செயலியில் இருக்கிறது. அதை முதலில் படிப்பது கல்வித் துறையின் சென்னை அலுவலகம். ஒவ்வொரு பிள்ளையாக அழைத்து மதிப்பிட்டுச் செயலியில் பதிவேற்றி முடிக்கும் வரை மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்காத தொடக்கப் பள்ளி ஆசிரியரைப் பார்ப்பது அரிது. பதிவேற்றியதும் போதாதென்று, 2023 இல் பி.எட். மாணவர்களை அனுப்பி வகுப்பை மதிப்பிட அரசு முனைந்தபோது ஆசிரியர் சங்கங்கள் கொதித்தெழுந்தன. செயல்வழிக் கற்றலில் மேற்பார்வையாளர் அட்டையைத் தேடினார், இப்போது பதிவைத் தேடுகிறார். பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேட்பது இரண்டு காலத்திலும் கடைசி வேலையாகவே இருந்திருக்கிறது.

பலன் என்ன? ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பை அளக்கும் 'அசர்' ஆய்வில் தமிழ்நாடு 2022 இல் சரிந்தது, 2024 இல் ஓரளவு மீண்டது. 2018 நிலையை அப்போதும் எட்டவில்லை. எண்ணும் எழுத்தும் இல்லாமல் இந்த மீட்சி நடந்திருக்குமா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

2023-24 இல் திட்டம் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் நீண்டது. ஆகவே 2022 ஜூனில் மூன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் இதற்குள்ளேயே படித்தார்கள். அவர்கள் ஆறாம் வகுப்புக்கு வந்தது 2025 ஜூனில். ஆறு முதல் ஒன்பது வரை படிப்பில் பின்தங்கியவர்களுக்கு அடிப்படைத் தமிழும் ஆங்கிலமும் கணக்கும் கற்பிக்க அரசு 'திறன்' திட்டத்தைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.